தபாலில் படித்த ஆசிரியர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மூன்று வகுப்புகள் என் பொறுப்பு. வேலைக்கு வந்த பிறகுதான் தொலைநிலைக் கல்வியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வீட்டு வேலை முடிந்து, இரவில்தான் படிக்க முடிகிறது. வீடியோ வகுப்பு பாதியில் நின்று நின்று ஓடுகிறது. கல்லூரியில் பயிற்சி முடித்த என் தோழி, "தபால்ல படிச்சு டீச்சர் ஆக முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். போன மாதம், கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் பற்றி ஒரு பாடம் வந்தது. மறுநாள் என் வகுப்பு நோட்டுகளைப் பார்த்தால், மூன்று பேர் 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தார்கள். குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு பேருக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் மட்டும் இன்னும் 35தான் எழுதுகிறான். நான் படிப்பது உண்மையிலேயே படிப்புதானா, இல்லை சான்றிதழுக்கான வழி மட்டும்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த 35-ஐத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மனதில் ஒரு விதி இருக்கிறது, அதைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். பழகாத கண்ணுக்கு அது சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். நீங்கள் இரவில் படித்ததைக் காலையில் கண்ணெதிரே பார்த்துவிட்டீர்கள். கல்லூரி வகுப்பறையில் இதே பாடத்தைப் படிக்கும் மாணவி, கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும்வரை அந்த 35-க்காகக் காத்திருக்க வேண்டும்.

அதற்காக உங்கள் தோழி கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகள் ஒரு தொலைநிலைப் பயிற்சிக்கு ஒப்படைப்புகள் திருத்தும் வேலை செய்திருக்கிறேன். ஒரு கட்டுத் தாளில் நாற்பது விடைகள் இருந்தால் முப்பதில் ஒரே வரிகள் வரும். ஒருவர் எழுத்தை விட்டிருந்தால் முப்பது பேரும் அதே எழுத்தை விட்டிருப்பார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கற்றல் என்பதன் வரையறைகளை விளக்குக" என்று கேட்டால், பகல் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லாடிவிட்டு வரும் ஒருவர் வேறு என்ன செய்வார்? அதே பயிற்சியில் ஒரு கேள்வி மட்டும், உங்கள் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தது. அதற்கு வந்த விடைகளில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. ஓர் ஆசிரியர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் குழந்தை ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் நான் திருத்திய தாள்கள் அவர் கைக்குப் போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆயிற்று. அதற்குள் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். வீடியோ நின்று நின்று ஓடுவதைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். அது தொந்தரவுதான், மறுக்கவில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம், அச்சுப் பாடத்தை வைத்தும் சமாளிக்கலாம். எழுதி அனுப்பியதற்கு யாரும் காலத்தில் பதில் சொல்லாவிட்டால், அதைச் சமாளிக்க வழியே இல்லை.

ஜிம்பாப்வே 1980-இல் விடுதலை பெற்றதும் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. ஆசிரியர்கள் போதவில்லை. 1981-இல் ஜின்டெக் என்ற நான்காண்டுப் பயிற்சியைத் தொடங்கினார்கள். முதல் 16 வாரம் கல்லூரியில் தங்கிப் படிப்பு. பிறகு நேராகப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பாடம் நடத்திக்கொண்டே தொலைநிலையில் படிக்க வேண்டும். கடைசியில் மறுபடி 16 வாரம் கல்லூரி. இடைப்பட்ட காலத்தில் மேற்பார்வையாளர்கள் பள்ளிக்கே வந்து வகுப்பைப் பார்த்தார்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1976-இல், தான்சானியாவும் இப்படி ஒன்றைத் தொடங்கி 30,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கியது. அஞ்சல் பாடம், வானொலி, இவற்றோடு நேரில் வந்து சொல்லிக்கொடுக்கப் பயிற்றுநர்களும் இருந்தார்கள். இணையம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. ஆனால் வகுப்பின் பின்பக்கம் வந்து உட்கார ஓர் ஆள் இருந்தார். தொலைநிலைப் பயிற்சியில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்த ஆளின் மீதுதான். பயண வாய்ப்பு இல்லை, ஆட்கள் இல்லை என்பார்கள். அவர் இல்லாத பயிற்சியில் ஆசிரியருக்கு மிஞ்சுவது புத்தகக் கட்டுதான்.

சரி, உங்கள் பயிற்சியில் அப்படி ஒருவர் வருவதாகத் தெரியவில்லை. அப்படியானால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். கொலம்பியாவில் 1970-களில் 'எஸ்குவேலா நுவேவா' என்ற கிராமப் பள்ளி முறை தொடங்கியது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும், உங்களுடையதைப் போன்ற பள்ளிகளுக்காக வந்தது அது. அதில் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடி, தங்கள் வகுப்பில் நடந்ததைப் பேசிக்கொள்வார்கள். உங்கள் தொடர்பு வகுப்புக்கு, அதாவது பயிற்சியில் நேரில் கூடும் வகுப்புக்கு, வருகிறவர்களில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். மாதம் ஒருமுறை சந்தித்தால் போதும். கையில் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள் இருக்கட்டும், பாடப் புத்தகம் வேண்டாம். முடிந்தால் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தோழியையும் கூப்பிடுங்கள். கேலி செய்தாலும் அவர் பயிற்சி பெற்றவர், உங்கள் வகுப்பில் நீங்கள் கவனிக்காத எதையாவது கவனிப்பார். ஒப்படைப்பில் எந்தக் கேள்வி வந்தாலும், கேட்காவிட்டாலும்கூட, உங்கள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை உதாரணமாக வைத்து எழுதுங்கள். திருத்துபவர் அந்த இடத்தில் கட்டாயம் நிறுத்திப் படிப்பார். நான் அப்படித்தான் படித்தேன்.

அப்புறம், அந்த மூன்றாவது பையன். குச்சிகளைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். அவன் குச்சியில் சரியாகச் செய்துவிட்டு, நோட்டுக்கு வந்ததும் பழைய விதிக்கே திரும்புகிறானோ என்று சந்தேகப்படுகிறேன். 52, 27 இரண்டையும் எழுதிக் கொடுத்து, எப்படிப் போடுகிறாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்த முறை ஐந்தாறு மாதம் ஆகாது, அதே வாரம் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.