மறு: ஆற்றடிச் சுரங்கம், மிதப்புக் கணக்கில் பாதுகாப்பு எண் 3.1 வருவது சரியா?

சரியில்லை. (பாதுகாப்பு எண் என்பது சுரங்கத்தைக் கீழே அழுத்தும் எடையை, நீர் அதை மேலே தள்ளும் மிதப்பு விசையால் வகுத்தால் வருவது; 1-க்குக் கீழே போனால் சுரங்கம் மிதந்து எழும்.) மேலே நிற்கும் 12 மீட்டர் ஆற்று நீரின் எடையைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். அந்த நீர் மேலிருந்து அழுத்துகிற அளவுக்குக் கீழிருந்தும் தள்ளுகிறது. மண்ணுக்கும் ஈர எடை (1.9 டன்) போடக்கூடாது, நீருக்குள் அதன் எடை கனமீட்டருக்கு 0.9 டன் போலத்தான் நிற்கும்.

உங்கள் அளவுகளையே போட்டுப் பார்த்தேன். வெளிவிட்டம் 10 மீட்டர், லைனிங் (சுற்றியுள்ள கான்கிரீட் சுவர்) 0.4 மீட்டர், மேல்மண் 5 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு மிதப்பு விசை சுமார் 78.5 டன். கான்கிரீட் 30 டன், மண் 45 டன். ஆக 75, எண் 1-க்கும் கீழே! வளைவின் இரு தோள்களிலும் உட்காரும் மண்ணைச் சேர்த்தால் இன்னொரு 9.7 டன் கிடைக்கும், அப்போதும் 1.08தான். கான்கிரீட் குழாய் மிதக்குமா என்று சிரிப்பு வரும், ஆனால் உள்ளே பெரும்பகுதி வெறும் காற்றுதானே.

திருத்திய பிறகு ஒரு சோதனை: ஆற்றின் ஆழத்தை 20 மீட்டராக மாற்றுங்கள். பாதுகாப்பு எண் அசையக்கூடாது. கூடினால் நீரின் எடை இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது.

அப்புறம், அந்த 5 மீட்டர் இன்றைய படுகையிலிருந்து எடுத்ததா? வெள்ளம் படுகையை அரித்துவிடும். அரிப்புக்குப் பின் மிஞ்சும் மண்ணைத்தான் எடுக்கவேண்டும். கட்டும்போது உள்ளே சாலைத்தளத்தின் எடையும் இருக்காது, அதை நம்பாதீர்கள்.