நல்லியல்பு வாயுவுக்குக் கூட்டலில் அடங்காத என்ட்ரோபி தேவையா?

ஒரு தடுப்பின் இருபுறமும் ஒரே நல்லியல்பு வாயு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காத, விலக்காத எளிய மாதிரி வாயு), ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். தடுப்பை எடுத்தால் மொத்த என்ட்ரோபி (மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) இரண்டின் கூட்டுத்தொகைதானே, பிறகு ஏன் கூட்டலில் அடங்காத என்ட்ரோபி என்று ஒன்றைப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனித்தனியான இரண்டு விஷயங்கள் இங்கே கலந்துவிடுகின்றன. பழையது கிப்ஸ் முரண்பாடு. மூலக்கூறுகளுக்குப் பெயர் ஒட்டி, அடையாளம் வைத்து நுண்நிலைகளை, அதாவது அவை அமையக்கூடிய விதங்களை, எண்ணினால், பக்கத்துக்கு ஒரு மோல் வீதம் இருக்கும்போது, தடுப்பை எடுத்ததுமே 11.5 ஜூல்/கெல்வின் கூடியதாகக் கணக்கு சொல்லும். வாயுவிலோ ஒரு மாற்றமும் இல்லை! தடுப்பைத் திரும்பப் போட்டால் அது குறையவும் வேண்டும், அபத்தம். நுண்நிலை எண்ணிக்கையைத் துகள் எண்ணிக்கையின் தொடர்பெருக்கத்தால் (1 × 2 × 3 என அந்த எண்வரை பெருக்கி வருவது) வகுத்தால் சரியாகிவிடும். நல்லியல்பு வாயுவின் என்ட்ரோபியைத் தரும், 1912இல் வந்த சாக்குர்–டெட்ரோட் சமன்பாட்டில் இந்த வகுத்தல் உள்ளேயே இருக்கிறது. அப்போதும் ஒரு மிச்சம் உண்டு: ஒருபுறத் துகள் எண்ணிக்கையை π (பை) என்ற எண்ணால் பெருக்கி, அதன் இயல் மடக்கையில் பாதி. ஒரு மோலுக்கு அது, என்ட்ரோபியின் மிகச் சிறிய அலகான போல்ட்ஸ்மன் மாறிலியைப் போல 28 மடங்குதான். முன்பு வந்த அபத்த விடையோ அதே மாறிலியின் 8 × 10²³ மடங்கு. எந்தக் கருவிக்கும் இந்த மிச்சம் தட்டுப்படாது.

மற்றது 1988இல் இயற்பியலாளர் சாலிஸ் முன்வைத்த என்ட்ரோபி; கூட்டலில் அடங்காதது என்பது இதைத்தான். அதில் க்யூ என்றொரு எண் உண்டு. சார்பற்ற இரு அமைப்புகளைச் சேர்த்தால் கூட்டுத்தொகையோடு, இரண்டின் பெருக்கலும் (1 − க்யூ) என்ற காரணியோடு வந்து ஒட்டிக்கொள்ளும். க்யூ 1 ஆனால் பழைய என்ட்ரோபியே.

இதை நல்லியல்பு வாயுவின் மேல் போட்டுப் பார்த்தால் வேடிக்கை. அங்கே மூலக்கூறுகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நுண்நிலைகள் துகள் எண்ணிக்கையோடு அடுக்குக்குறியாகப் பெருகும். க்யூ 1ஐவிடச் சிறிது என்றால் என்ட்ரோபியும் அதேபோல வெடித்துப் பெருகும். பெரிது என்றால், எவ்வளவு வாயுவை அடைத்தாலும், போல்ட்ஸ்மன் மாறிலியை (க்யூ − 1)ஆல் வகுத்து வரும் உச்சத்தைத் தாண்டாது. இரண்டுமே உதவாது. ஆகவே என் பதில்: தேவையில்லை. நெடுந்தூர ஈர்ப்பு விசை உள்ள விண்மீன் கூட்டங்கள் போன்றவற்றில்தான் அந்த விவாதத்துக்கு இடம் உண்டு.

ஒன்று மட்டும் சுவாரசியம். வெப்பம் புகாத பெட்டியில் கொஞ்சமே மூலக்கூறுகள் இருந்தால், எந்த ஒன்றுக்கும் மொத்த ஆற்றலைவிட அதிகம் கிடைக்காது. அதனால், ஒரு மூலக்கூறுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்ற வாய்ப்பைச் சொல்லும் போல்ட்ஸ்மன் காரணியின் (அடுக்குக்குறிச் சார்பு) இடத்தில், ஓர் எல்லையில் அறுந்துபோகும் அடுக்குச் சார்பு வருகிறது. வடிவம், சாலிஸ் என்ட்ரோபியிலிருந்து கிடைக்கும் சாலிஸ் பங்கீடேதான். அதற்காக அந்த வாயுவின் என்ட்ரோபி சாலிஸ் வகை ஆகிவிடாது. சாதாரண போல்ட்ஸ்மன் எண்ணிக்கையிலிருந்தே அந்த வடிவம் கிடைக்கிறது, மூலக்கூறுகளைக் கூட்டக் கூட்ட அடுக்குக்குறிச் சார்பாக மாறியும் விடுகிறது.