3,42,000 கி.மீ. ஓடிய இன்னோவாவுக்கு 68,500 ரூபாய் போடலாமா?

கேள்வி: நாமக்கல்லில் வசிக்கிறேன், மாதச் சம்பளம் பிடித்தம் போகக் கைக்கு 52,000. அப்பா வாங்கிய டீசல் இன்னோவா, 2010 நவம்பர் பதிவு, இதுவரை 3,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வருஷம் ஆர்சி புதுப்பித்துவிட்டேன், 2030 வரை இருக்கிறது. இப்போது முன்பக்கம் பள்ளத்தில் இறங்கினாலே கடகடவென்று சத்தம், பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது, முன் டயர் உள்பக்கமாகத் தேய்ந்துவிட்டது. முன்பக்க சஸ்பென்ஷனை முழுதாக மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் 68,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார். நண்பர் ஒருவர் சத்தம் வரும் பால் ஜாயிண்ட்டை (சக்கரப் பக்கத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) மட்டும் மாற்று, 9,000-த்தில் முடிந்துவிடும் என்கிறார். வீட்டில், வந்த விலைக்கு (3 லட்சம் கேட்டிருக்கிறார்கள்) தள்ளிவிட்டுக் கடனில் புது ஏழு சீட்டர் எடுப்போம் என்கிறார்கள். 1,80,000 ரூபாய் எஃப்டி இருக்கிறது, மாதம் 8,000 மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போகிறது. கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போடலாமா? இன்சூரன்ஸில் கிடைக்குமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸில் கிடைக்காது. விபத்தில் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் இரும்புக் கை) வளைந்திருந்தால் கேட்கலாம், ஓடி ஓடித் தேய்ந்ததற்கு எந்த பாலிசியும் பணம் தராது.

அடுத்து, "3 லட்ச ரூபாய் வண்டிக்கு 68,500 போடுவதா" என்ற கணக்கை விடுங்கள். எல்லோரும் செலவை வண்டி விலையோடுதான் ஒப்பிடுகிறார்கள், எனக்கு அது தப்பாகப் படுகிறது. நீங்கள் இதை முதலீடாகப் போடவில்லை, இன்னும் நான்கு வருஷம் ஓட்டுவதற்காகப் போடுகிறீர்கள். அதனால் மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, அதைப் புது வண்டியின் மாதக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

புது வண்டி ஆன்ரோடு 12.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழையதை விற்ற பணத்திலிருந்து 2.5 லட்சம் கட்டிவிட்டு 10 லட்சம் கடன், 9.5 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 21,000. கையில் வாங்கும் சம்பளத்தில் நாற்பது சதவீதம்! வட்டி மட்டும் 2.6 லட்சம் போகும். ஐந்து வருஷம் கழித்து வண்டி 6 லட்சத்துக்குப் போகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் தேய்மானமும் வட்டியும் சேர்ந்து 9 லட்சத்துக்கு மேல், மாதத்துக்குச் சுமார் 15,000, இதில் டீசலும் இன்சூரன்ஸும் சர்வீஸும் இன்னும் சேரவில்லை. பழைய வண்டியில் முழு எஸ்டிமேட்டையும் அப்படியே கொடுத்தால்கூட 48 மாதத்தில் மாதம் 1,430 ரூபாய், 3 லட்சம் வண்டி நான்கு வருஷத்தில் ஒன்றேகால் லட்சமாக இறங்குவதற்கு 3,650, மற்ற ரிப்பேருக்கென்று 3,000 ஒதுக்குங்கள், மொத்தம் 8,000 சொச்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட உங்கள் எஸ்ஐபி தொகை. 21,000 தவணை வந்தால் முதலில் நிற்கப் போவதும் அந்த எஸ்ஐபிதான், எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: மற்றதெல்லாம் நன்றாக இருக்க வேண்டும். அதனால் முன்பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால், எஸ்டிமேட் கொடுத்தவரை விட்டு வேறொரு மெக்கானிக்கிடம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா, சேஸிஸில் ஆர்ம் மாட்டும் இடத்தில் துரு அரித்திருக்கிறதா, பழைய அடி ஏதாவது இருக்கிறதா, ஸ்டியரிங் ரேக்கில் (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பாகம்) ஆயில் கசிகிறதா. ரேக் போயிருந்தால் அது தனிச் செலவு, இந்த 68,500-இல் அது இல்லை. சேஸிஸோ எஞ்சினோ சரியில்லை என்றால் ஒரு ரூபாய்கூடப் போடாமல் இருக்கிற நிலையிலேயே, குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். சரி செய்து விற்றால் நல்ல விலை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புது புஷ் (ஆர்ம் மாட்டும் இடத்தில் வரும் ரப்பர்) போட்டதற்காக வாங்குகிறவர் 68,500 கூட்டித் தரமாட்டார்.

எல்லாம் சரி என்று வந்தால், செய்யலாம். நண்பர் சொன்ன 9,000 ரூபாய் வழி மட்டும் வேண்டாம். இதில் நானே சூடுபட்டவன். என் பழைய காரில் சத்தம் வந்தபோது ஒரு பட்டறையில் வலது பக்க பால் ஜாயிண்ட்டை மட்டும் மாற்றினார்கள், மூன்று மாதத்தில் இடது பக்கம், அப்புறம் லோயர் ஆர்ம் புஷ். ஒவ்வொரு தடவையும் அதே சக்கரத்தைக் கழற்றி அதே ஆர்மை இறக்கிய கூலி, ஒவ்வொரு தடவையும் வீல் அலைன்மெண்ட், கடைசியில் இரண்டு முன் டயரும் போய்ச் சேர்ந்தது. கூட்டிப் பார்த்தால் முதலிலேயே மொத்தமாகச் செய்திருக்கலாம். ஆர்மை இறக்குவதுதான் வேலை. இறக்கிய பிறகு ஒரு புஷ் போட்டாலும் எல்லாம் போட்டாலும் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. தவிர, 3,42,000 கி.மீ. ஓடிய வண்டியில் ஒன்று தேய்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பதும் அதே வயசுதானே.

அதற்காக எஸ்டிமேட்டில் உள்ளதை எல்லாம் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன்: ஷாக் அப்சார்பர் ஜோடி 13,000, அப்பர் ஆர்ம் ஜோடி 12,000, லோயர் ஆர்ம் ஜோடி 19,000, டை ராட் எண்டும் ரேக் எண்டும் (ஸ்டியரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள்) 7,500, லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும் 3,500, வீல் பேரிங் 5,000, கூலியும் அலைன்மெண்ட்டும் 8,500. இதில் லோயர் ஆர்மை முழுசாக மாற்றுவதுதான் கண்ணை உறுத்துகிறது. ஆர்ம் என்பது கனமான இரும்பு, வளையவில்லை, வெடிக்கவில்லை என்றால் அது தேய்கிற சாமான் அல்ல, தேய்வது அதில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும்தான். இரண்டும் தனியாகவே கிடைக்கும். பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளிப் புதிது ஏற்ற லேத் பட்டறைக்குப் போனால் போதும், எல்லாம் சேர்த்து 9,000-த்துக்குள் முடிய வேண்டும். வீல் பேரிங் இரைச்சல் இல்லாமல், சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஆட்டமும் இல்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். இந்த இரண்டிலேயே 15,000 குறைந்து 53,500 ஆகிறது. ஷாக் அப்சார்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மாற்றினால் ஜோடியாகத்தான்.

எது உண்மையில் போயிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருகிற ஆட்டம் பெரும்பாலும் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங், பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வருவது டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பினால் கிழிந்த ரப்பர் வாய் பிளந்து காட்டும். கழற்றிய சாமான்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாகங்கள் விஷயத்தில், இந்த மாடல் 2005 முதல் 2016 வரை விற்றது, இன்றும் ரோட்டில் நிறைய ஓடுகிறது, சாமானுக்குப் பஞ்சமில்லை, அதே காரணத்தால் போலிக்கும் பஞ்சமில்லை. கம்பெனி பெட்டியில் வருவதுதான் வேண்டும் என்றில்லை. வண்டி கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் ரானே, கேப்ரியல் மாதிரி நிறுவனங்கள் கடைகளுக்கும் சாமான் விற்கின்றன. பில்லோடு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது, ஆகவே எஸ்டிமேட் பழைய விலைப்பட்டியலை வைத்துப் போட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணத்தோடு சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும், ஆனால் சம்பந்தம் உள்ள இன்னொன்று. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுசாக முறுக்கிவிடக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும், நீங்கள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள். வேலை முடிந்த கையோடு அலைன்மெண்ட், ஒரு ஐந்நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து? கார்டு இஎம்ஐ வேண்டாம். 68,500-க்கு 16 சதவீதத்தில் ஒரு வருஷம் என்றால் வட்டி 6,000, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, மேலே பிராசஸிங் கட்டணம், எல்லாம் சேர்ந்து 7,000-த்தைத் தாண்டும். எஃப்டியில் அதே பணம் ஒரு வருஷத்துக்கு 6.5 சதவீதத்தில் 4,500 சம்பாதிக்கும், அதற்கும் வரி உண்டு. 4,500-ஐக் காப்பாற்ற 7,000 கொடுப்பானேன்? எஃப்டியிலிருந்து 55,000 எடுங்கள். முன்கூட்டி எடுத்தால் வட்டியில் அரையோ ஒன்றோ சதவீதம் பிடிப்பார்கள், சில நூறு ரூபாய். முழு எஃப்டியையும் உடைக்காமல் வேண்டிய தொகையை மட்டும் எடுக்கும் வசதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரத்துக்கென்று 1,25,000 மிச்சம் இருக்கும். எஸ்ஐபியைத் தொடாதீர்கள். மாதம் 5,000 போட்டு வந்தால் பதினொரு மாதத்தில் எஃப்டி பழையபடி ஆகிவிடும்.

2030-இல் வண்டிக்கு 20 வயசு. இப்போதிருக்கும் விதிப்படி அந்த வயசைத் தாண்டிய கார்களுக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 10,000, நீங்கள் இந்த முறை கட்டியது 5,000. அதனால் 2030-க்கு மேல் இதை ஓட்டுவதாகத் திட்டம் போடாதீர்கள். எஃப்டி நிறைந்ததும் அதே 5,000-ஐ நிறுத்தாமல் தனி ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள், மூன்று வருஷத்தில் வட்டி இல்லாமலே 1,80,000, அடுத்த வண்டிக்கு முன்பணம்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பிரேக் பிடித்தால் இழுக்கிற வண்டி அது. பால் ஜாயிண்ட் முழுதாகக் கழன்றால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கிவிடும், அது நடப்பது பெரும்பாலும் வளைவிலும் பள்ளத்திலும்தான். வேலை முடிகிற வரைக்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் போய் வாருங்கள்.