புது பைக்குக்கு முதல் சர்வீஸ் அவசியமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 125 சிசி பைக் வாங்கி 38 நாள் ஆகிறது. ஓடியது 310 கி.மீ.தான். கையேட்டில் முதல் சர்வீஸுக்கு ‘500 முதல் 750 கி.மீ. அல்லது 45 நாள், எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருக்கிறது. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) எடுத்துப் பார்த்தால் ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. “இதெல்லாம் நம்மை வரவழைக்கச் சொல்லும் சாக்கு, 1,500 கி.மீ. ஓட்டிவிட்டுப் போ” என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: இன்னும் ஏழு நாள் இருக்கிறது, அதற்குள் கொண்டுபோய் விடுங்கள். பிந்தைய சர்வீஸ்களில் ஒன்று 200 கி.மீ. தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. முதல் சர்வீஸில் அந்தச் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புது சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் கீறி வைத்திருப்பார்கள். பிஸ்டன் ரிங் அந்தக் கோடுகளின் முனைகளைத் தேய்த்துத்தான் தனக்கு இடம் பண்ணிக்கொள்கிறது. தேய்ந்த உலோகத்தூள் ஆயிலில்தான் விழும். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆகவே புதுப் பல்சக்கரங்கள் உதிர்க்கும் தூளும் கிளட்ச் பிளேட்டின் தூசும் அதிலேயே சேர்கின்றன. பெரிய துகளை பில்டர் பிடித்துவிடும். மிக நுண்ணியவை தப்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பேப்பர் பில்டர் இல்லாமல் வெறும் சல்லடை மட்டும் இருக்கும் சிறிய இன்ஜின்களில் தப்புவது இன்னும் அதிகம்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிப்ஸ்டிக் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டில் எதுவும் தெரியாது. வடித்த ஆயிலைத் தட்டில் வாங்கி, வெயிலில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள்: மைக்கா கரைத்தது போல மினுமினுக்கும். முதல் ஆயிலில் இது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. நகத்தில் நிரடும் அளவுக்குத் துண்டு அகப்பட்டால் மட்டும் விசாரியுங்கள்.

அப்படியானால் 310 கி.மீ.க்கே ஏன்? குறைவாக ஓடும் வண்டிக்கு வேறு தொல்லை. இரண்டு மூன்று கி.மீ. போய் நிறுத்தினால் ஆயில் முழுதாகச் சூடாவதில்லை. எரிப்பில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் அதுதான். நாள் கணக்கு போட்டிருப்பது இதற்காகவும்தான்.

சொன்ன தேதி தாண்டிய மறுநாளே இன்ஜின் கெட்டுவிடப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் உத்தரவாதப் பிரச்சினை வந்தால் நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது சர்வீஸ் பதிவைத்தான். தேதியும் கி.மீ.யும் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள்.

கேள்வி: வாட்டர் வாஷ், ஆயில் இரண்டையும் தவிர முதல் சர்வீஸில் வேறு என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. எதையெல்லாம் கேட்டுச் செய்ய வைக்க வேண்டும்?

பதில்: வாஷ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியை, சரிபார்க்க விட்டுவிடாதீர்கள்.

வால்வும் அது உட்காரும் சீட்டும் ஆரம்பத்தில் ஒன்றையொன்று தட்டித் தட்டிப் பொருந்துகின்றன. வால்வு ஒரு மயிரிழை உள்ளே இறங்க, டேப்பெட் இடைவெளி குறைகிறது. சிறிய இன்ஜின்கள் பலவற்றில் இந்த இடைவெளியே ஏறக்குறைய 0.1 மி.மீ.தான், எக்ஸாஸ்ட் பக்கம் பெரும்பாலும் சற்றுக் கூடுதல். அதுவும் குறைந்துபோனால் இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், ஸ்டார்ட்டிங் சிரமப்படும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும். இதில் ஏமாற்றும் விஷயம் சத்தம். இடைவெளி அதிகமானால் ‘டிக் டிக்’ என்று கேட்கும், நாமும் பதறிப்போய் ஓடுவோம். குறைந்தால் இன்ஜின் அமைதியாகிவிடும், நாம் சந்தோஷப்படுவோம்!

டேப்பெட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சூட்டோடு சூடாக வண்டியை விட்டு, அரை மணியில் “பார்த்தாச்சு” என்றால் நம்ப வேண்டாம். முந்தின நாள் மாலையே விட்டுவிடுவது நல்லது. திருகுக்குப் பதில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இந்த இடைவெளியைச் சரிசெய்யும் இன்ஜின்களில் முதல் சர்வீஸில் பெரும்பாலும் திறப்பதில்லை; கையேட்டு அட்டவணை சொல்வதே கணக்கு.

அடுத்தது செயின். புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ.யில்தான் அதிகம் தளரும். பல கம்யூட்டர் பைக்குகளில் கீழ்ச்செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வைப்பார்கள், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் அல்லது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். ‘டைட்டாக இருந்தால் நல்லது’ என்று வைத்துவிட்டால், ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாப்ட் பேரிங்கைப் பதம் பார்க்கும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால், சக்கரத்தை நகர்த்தியதும் பிரேக் பிளேயையும் (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் மிதியில் இருக்கும் சும்மா ஆட்டத்தையும்) திரும்ப வைக்க வேண்டும். அடிக்கடி மறக்கப்படுவது இது.

கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்): முன் சக்கரம் தரையைத் தொடாமல் வைத்து, போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டொக்’ என்று கேட்கக் கூடாது. ஸ்போக் வீல் என்றால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகியது கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது ‘தொப்’ என்னும். கிளட்ச் பிளே, இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள், பேட்டரி டெர்மினல், டயர் காற்று எல்லாம் பத்து நிமிட வேலை.

கேள்வி: முதல் ஆயிலை நானே மாற்றிக்கொள்ளலாமா? ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு.

பதில்: கையால் முடியும். ஆனால் உத்தரவாதம் உள்ள வண்டிக்கு முதல் சர்வீஸ் பதிவு முக்கியம், அதை சர்வீஸ் சென்டரில் விட்டே செய்யுங்கள். இடையில் ஒரு முறை நீங்களாக மாற்றுவதானால் இப்படி:

இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடியில் தூளைத் தங்கவிடாமல் இழுத்துக்கொண்டு வரும். டிரெயின் போல்ட்டைக் கழற்றி முழுதாக வடியவிடுங்கள். போல்ட்டின் நசுங்கிய வாஷரைத் தூக்கிப் போட்டுப் புதிது போடுங்கள். போல்ட் இறங்குவது அலுமினியத்தில். முழு பலத்தையும் காட்டினால் மரை போய்விடும், டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். உள்ளே வைக்கும் பேப்பர் பில்டருக்குத் திசை உண்டு. கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்; திருப்பிப் போட்டால் ஆயில் ஓட்டமே தடைபடலாம். ஓ-ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையத்தில்) சிறிது ஆயில் தடவி உட்கார வையுங்கள்.

பலரும் சறுக்குவது அளவில். கையேட்டில் இரண்டு மூன்று அளவு இருக்கும்: ஆயில் மட்டும் மாற்றினால், பில்டரோடு மாற்றினால், இன்ஜினைப் பிரித்து மாட்டினால். மூன்றாவதுதான் அதிகம், கண்ணில் முதலில் படுவதும் அதுவாக இருந்தால் கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள். சொன்ன அளவில் 100 மி.லி. குறைத்து ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து வண்டியை நேராக நிறுத்திப் பார்த்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும்.

கேள்வி: சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து ஏர் பில்டர் பெட்டியின் அடிக்குழாயில் ஆயில் சேர்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் ஆயில் கூடிவிட்டது. மிகுதி பிரீதர் குழாய் (இன்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாக அங்கே ஏறுகிறது. அளவைப் பார்த்து, மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் வடித்துவிடச் சொல்லுங்கள். பில்டர் நனைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் இன்ஜின் இரைகிறது, வண்டி வேகம் பிடிப்பதில்லை.

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. முதலில் லீவரின் நுனியில் பிளே பாருங்கள். கேபிள் கிளட்ச்சில் பொதுவாக 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். அது சரி என்றால், ஊற்றிய ஆயிலின் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயில், ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக் கிளட்ச்சுக்கு ஆகாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்னும் ஜப்பானியத் தரக்குறி) என்று போட்டிருக்க வேண்டும். பிசுக்குமை எண் கையேட்டில் உள்ளபடி.

கேள்வி: முதல் சர்வீஸ் ஆனதும் முழு வேகத்தில் போகலாமா? அதுவரை 40-ஐத் தாண்டாதே என்கிறார்கள்.

பதில்: ரன்-இன் தூரமும் (புது இன்ஜின் பழகும்வரை நிதானமாக ஓட்ட வேண்டிய தூரம்) முதல் சர்வீஸும் ஒன்றல்ல. கையேடு 1,000 கி.மீ. வரை என்றால் சர்வீஸ் 500-இல் முடிந்தாலும் 1,000 வரை பொறுங்கள். 40-ஐத் தாண்டாமல் இருப்பதற்காக டாப் கியரில் 25-இல் திணறத் திணற ஓட்டுகிறார்களே, அது வேகமாகப் போவதைவிடக் கெடுதல். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகாமல், வேகத்தை ஏற்றி இறக்கி, கியரைத் தாராளமாக மாற்றி ஓட்டுங்கள்.

கேள்வி: மின்சார பைக்குக்கு ஆயிலே இல்லையே, அதற்கும் முதல் சர்வீஸ் உண்டா?

பதில்: உண்டு. பிரேக், கோன் செட், போல்ட் இறுக்கம், பெல்ட் அல்லது செயின் தளர்ச்சி எல்லாம் அதற்கும் பொதுதான். மென்பொருள் புதுப்பிப்பு ஏதும் பாக்கி இருந்தால் அதையும் அப்போதே போடச் சொல்லுங்கள்.