வாசகர் கேள்வி – பதில்: லைக் வருகிறது, ஆள் வருவதில்லை

கேள்வி: பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக்கொடுக்கவும், பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரவும் நாங்கள் பத்துப் பேர் ஒரு குழுவாக இயங்குகிறோம். தன்னார்வலர்கள் தேவை என்று ஃபேஸ்புக்கில் பதிவிட்டால் முந்நூறு லைக், நாற்பது பகிர்வு என்று வருகின்றன. தேர்வு நாளன்று வருபவர் ஒருவரோ இருவரோதான். எங்கே தவறு செய்கிறோம்?

பதில்: நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த பதிவைப் படித்தேன். ‘பார்வையற்றோர் வாழ்வில் ஒளியேற்றுவோம், கருணை உள்ளங்களே, கைகொடுக்க வாருங்கள்’ என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிப்பவர் மனம் நெகிழ்ந்து லைக் இடுவார். அதற்கு மேல் அவர் செய்ய வேண்டியது என்னவென்று பதிவில் எங்குமே இல்லை. எந்த நாள், எத்தனை மணி நேரம், தனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா, யாரிடம் சொல்வது என்ற நான்கு ஐயங்களும் தீராத ஒருவர், நல்ல மனம் படைத்தவராகவே இருந்தாலும், பிறகு பார்க்கலாம் என்று கடந்துபோய்விடுவார்.

அதே பதிவை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வரும் 14ஆம் தேதி, சனிக்கிழமை, காலை 9.30 முதல் பகல் 1 மணி வரை நடைபெறும் வரலாற்றுத் தேர்வில், பார்வையற்ற மாணவி ஒருவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுத ஒருவர் தேவை. கையெழுத்து தெளிவாக இருந்தால் போதும். முன் அனுபவம் வேண்டியதில்லை. காலை 9 மணிக்கே தேர்வு மையத்தில் இருக்க வேண்டும். அடையாள அட்டை அவசியம். 12ஆம் தேதி மாலைக்குள் தெரிவியுங்கள்.’ இதற்கு முந்நூறு லைக் வராமல் போகலாம். ஆனால், அந்தச் சனிக்கிழமை ஓய்வாக இருக்கும் ஒருவர் இதைப் படித்தவுடன், இது தன்னால் முடியும் என்று உணர்ந்துவிடுவார். எழுதுபவரின் கல்வித் தகுதி குறித்துத் தேர்வு நடத்துவோர் விதி எதுவும் வைத்திருந்தால் அதையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அவர் மறுபடி வரமாட்டார்.

2014ஆம் ஆண்டு, ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு நோய்க்காக, தலையில் பனிக்கட்டி நீரைக் கொட்டிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவால் உலகெங்கும் பரவியது நினைவிருக்கும். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு அதனால் சுமார் 11.5 கோடி டாலர் திரண்டது. அதைப் பார்த்து, பரவலான பதிவு ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று பல குழுக்கள் நம்புகின்றன. பணம் கொடுப்பவர் தொலைபேசியில் இரண்டு முறை தொட்டதும் தன் பங்கை முடித்துவிடுகிறார்; நேரம் கொடுப்பவரோ காலையில் எழுந்து, கிளம்பி, வந்து சேர வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு மனிதக் குரல் தேவைப்படுகிறது. ஆகவே, ‘நான் வருகிறேன்’ என்று எழுதியவருக்கு அன்றைக்கே, பெயர் சொல்லிப் பதில் அனுப்புங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். உங்கள் பத்துப் பேரில் ஒருவரை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது, புதிதாக இன்னொரு சமூக ஊடகக் கணக்கு தொடங்குவதைவிடப் பலமடங்கு பயன் தரும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று. உங்கள் அறிவிப்பு முழுவதும் ஒரு படத்துக்குள் அச்சடித்த எழுத்தாக இருக்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் படத்துக்குள் இருக்கும் எழுத்தை எல்லா நேரங்களிலும் சரியாகப் படித்துக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்து என்றால் சிக்கல் இன்னும் கூடும். யாருக்காக உழைக்கிறீர்களோ அவர்களே உங்கள் அறிவிப்பைப் படித்து நண்பர்களுக்கு அனுப்ப முடியாமல் போவது வருத்தத்துக்குரியது. படத்துடன் அதே செய்தியை எழுத்தாகவும் இடுங்கள். இணையத்தில் தேடுபவர் கண்ணில் படவும் அதுவே உதவும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரத்தம் தேவை என்ற செய்திகளைப் பகிர்கிறோம். ஆறு மாதத்துக்கு முந்தைய செய்திகூடத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அதை நம்பி அழைத்தவர்கள் எங்களைக் கோபித்துக்கொள்கிறார்கள். இதைத் தடுக்க முடியுமா?

பதில்: பிறர் கைக்குப் போய்விட்ட ஃபார்வர்டைத் திரும்பப் பெற வழியில்லை. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்ற வரம்பை வாட்ஸ்அப் 2019இல் உலகெங்கும் கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020இல் அது ஒன்றாகக் குறைந்தது. வேகம் தணிந்ததே தவிர, பழைய செய்திகள் உலவுவது நிற்கவில்லை.

ஆகவே, செய்தி உங்களிடமிருந்து புறப்படும்போதே அதற்கொரு முடிவு நாளை எழுதிவிட வேண்டும். ‘அவசரம், உடனே தேவை’ என்ற சொற்கள் எந்த நாளிலும் உண்மைபோலவே தோன்றும். ‘இந்தத் தேவை 8ஆம் தேதி இரவுடன் முடிகிறது’ என்ற வரி ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் உண்மையைச் சொல்லிவிடும். ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இயன்றால், விவரங்களை இணையத்தில் ஒரு பக்கத்தில் வைத்து, வாட்ஸ்அப்பில் அதற்கான இணைப்பை மட்டும் அனுப்புங்கள். தேவை நிறைவேறியதும் அந்தப் பக்கத்தில் ‘நன்றி, கிடைத்துவிட்டது’ என்று மாற்றிவிட்டால், இணைப்பு எங்கே சுற்றினாலும் சரியான செய்தியே போய்ச் சேரும். நோயாளியின் குடும்பத்தாருடைய எண்ணை எந்தச் சூழலிலும் பொதுவில் இட வேண்டாம். மருத்துவமனை வாசலில் கலங்கி நிற்பவர், மாதக்கணக்கில் வரும் அழைப்புகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா?

கேள்வி: செய்த உதவியைப் படம் பிடித்துப் போடுவது விளம்பரம் ஆகாதா? வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்களே.

பதில்: அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால், பணி நடப்பதே வெளியில் தெரியாவிட்டால் அடுத்தவர் வந்து சேர வழியில்லை. படத்தில் யார் இருக்கிறார் என்பதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். உதவி பெறுபவர் கையில் பொருளைக் கொடுத்து, அவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லும் படத்தை எடுக்கவே கூடாது. வாங்கும் நிலையில் இருப்பவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாது; அப்போது அவர் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. குழந்தைகளின் முகம், பள்ளிச் சீருடை, பெயர்ப்பலகை இவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தன்னார்வலர்கள் வேலை செய்யும் கைகளையும், அடுக்கி முடித்த புத்தக அலமாரியையும் காட்டுங்கள். என்ன வேலை நடக்கிறது என்பது அதிலேயே விளங்கும்.

கேள்வி: உடல்நிலை காரணமாக வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாது. கணினி மட்டும் இருக்கிறது. நானும் தன்னார்வலராகலாமா?

பதில்: தாராளமாக ஆகலாம். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்தே இணையவழித் தன்னார்வப் பணிக்கு இடமளித்து வருகிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு எனப் பலவற்றை வீட்டிலிருந்தே செய்யலாம். 2010இல் ஹெய்ட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது, அந்த நாட்டையே பார்த்திராத பலர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் திருத்திச் சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். களத்தில் இறங்கிய மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தின. 2015இல் வந்த ‘பீ மை ஐஸ்’ செயலியில், பார்வையற்ற ஒருவர் காணொளி அழைப்பில் காட்டும் மருந்துச் சீட்டையோ பொட்டலத்தின் காலாவதி நாளையோ பார்த்துச் சொல்லலாம். ஓர் அழைப்புக்குச் சில நிமிடங்களே ஆகும்.

இவற்றைவிட அருகிலும் ஒரு வேலை உண்டு. முதல் கேள்வியை அனுப்பியவரின் குழுவுக்குப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்ய ஆள் தேவை. அமைதியான ஓர் அறையும் தொலைபேசியும் இருந்தால் தொடங்கிவிடலாம். விருப்பம் இருந்தால் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை அவர்களிடம் சேர்ப்பித்துவிடுகிறோம்.