சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை: அடுத்த முறைக்கு எதை மாற்றுவது?

கேள்வி: இந்த ஆண்டு பிளஸ் டூவில் 78 சதவீதம் வாங்கினேன். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டில் 120 கேள்விக்கும் விடை குறித்தும் 45 மதிப்பெண்தான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத் தரவரிசையிலும் பின்தங்கிவிட்டேன். ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து, இரண்டுக்கும் மறுபடி விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. அடுத்த ஆண்டும் உங்கள் 78 அதே 78தான். கட்-ஆஃப் இறங்கினால்தான் இடம். உழைப்பால் மாறக்கூடியது கிளாட் மதிப்பெண். அதற்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை.

ஆனால் கையில் ஒரு வருடம் இருப்பதாக நினைக்க வேண்டாம். தேர்வு டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

உங்கள் 45ஐப் பிரித்துப் பாருங்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். அப்படியென்றால் 60 சரி, 60 தவறு. தவறுகளே 15 மதிப்பெண்ணைக் கொண்டுபோயிருக்கின்றன. 120 நிமிடத்தில் 120 கேள்வி என்பதால் கடைசியில் அவசரமாக வட்டங்களை நிரப்பியிருப்பீர்கள். இனி நான்கில் இரண்டு விடையையாவது கழிக்க முடிந்தால் மட்டும் குறியுங்கள்.

தாளில் பாதி, சட்டத் தர்க்கமும் நடப்பு நிகழ்வுகளும். ஒவ்வொன்றிலும் 28 முதல் 32 கேள்வி. சட்டத் தர்க்கத்தில் பலர் சறுக்குவது, கேள்வியோடு தரும் பத்தியை விட்டுவிட்டுச் சொந்த நியாயத்தைப் பேசுவதால்தான். 'கைம்மாறு இல்லாத வாக்குறுதி ஒப்பந்தம் ஆகாது' என்று பத்தி சொல்கிறது. மாமா மருமகனுக்கு பைக் வாங்கித் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மறுக்கிறார். 'சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்' என்ற விடை மனசுக்குப் பிடிக்கும்; மதிப்பெண் தராது. வாராவாரம் ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தவறுக்கும் காரணத்தை நோட்டில் எழுதுவது: பத்தி புரியவில்லையா, நேரம் போதவில்லையா, வெறும் ஊகமா? கணிதம் 10 முதல் 14 கேள்விதான். சதவீதம், விகிதம், அட்டவணை போதும். தமிழ் வழியில் படித்தவர் என்றால், ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைத் தினமும் கடிகாரம் வைத்து வாசியுங்கள். பத்திகள் 450 சொல் வரை நீளும். வாசிப்பு வேகம் இல்லாமல் மற்றவை உதவாது.

வீட்டிலேயே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பி.ஏ. அல்லது பி.காம். சேர்ந்துகொண்டே தயாராகுங்கள். கிளாட் கைகூடாவிட்டாலும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது. அதற்குத் தரவரிசை பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூவில் விட்டதை அங்கே ஈடுகட்டலாம். சேரும்போதே, நடுவில் விலகினால் டி.சி. எப்போது தருவார்கள், கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி வைத்துக்கொள்ள யுஜிசி விதி அனுமதிப்பதில்லை.

வெளிமாநிலத்தில் ஓபிசி இடம் கேட்பதாக இருந்தால், நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் பொதுவாகச் செல்லாது. கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே மனுக் கொடுங்கள்.