நண்டு ரசம்: ஓட்டுக்கு 20 நிமிடம், சதைக்கு 7

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். நெல்பேட்டையில் நண்டு வாங்கி அவ்வப்போது ரசம் வைப்பேன். குக்கரில் 4 விசில் விடுகிறேன். சாறு வெளுத்துப்போய், மேலே சாம்பல் நிறத்தில் திரிதிரியாக மிதக்கிறது. சதை ஒரு நாள் நாராக இருக்கிறது, இன்னொரு நாள் மாவாகக் கரைகிறது. வயல் நண்டில்தான் ரசம் ருசிக்கும் என்கிறார் மாமியார். அதற்கும் இதே பக்குவமா? அப்புறம், என் மகனுக்கு இறால் சாப்பிட்டால் உதடு அரிக்கும். அவனுக்கு ரசத்தை மட்டும் ஊற்றலாமா?

பதில்: முதலில் குக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் சொன்னதில் பாதிக் கோளாறு அதனால் வருவதுதான். நண்டில் சாறு கொடுப்பது ஓடு, சாப்பிடக் கிடைப்பது சதை. ஓட்டுக்கு நேரம் வேண்டும், சதைக்கு ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு விசில் விட்டால் சாறு இறங்குவதற்குள் சதை வறண்டு நாராகிவிடும்.

மாவாகக் கரைவது வேறு கதை. நண்டு செத்த பிறகு அதன் உடம்பில் இருக்கும் நொதிகளே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். மதுரைக்குக் கடல் எந்தப் பக்கம் போனாலும் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஐஸில் வரும் நண்டு, எத்தனை மணி நேரம் நல்ல ஐஸில் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வரும். அந்த 61 நாளும் வாங்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

கடையில் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். லேசாக இருந்தால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டாக இருக்கலாம், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அமாவாசை நண்டுக்குத்தான் சதை என்பார்கள். நான் நாள் பார்ப்பதில்லை, கனம்தான் பார்ப்பேன். கால்கள் தொட்டதும் கழன்று விழுந்தாலோ, மூட்டுகள் கறுத்திருந்தாலோ வேண்டாம். மூக்கைச் சுளிக்க வைக்கும் அமோனியா நெடி அடித்தால் விலை பேசவே வேண்டாம். புளிப்பு லேசான கவிச்சியை அடக்கும், கெட்டுப்போனதை நல்லதாக்காது.

மேலே மிதக்கிற சாம்பல் திரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது நண்டின் ரத்தம். நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் அதில் செம்பு இருக்கிறது, அதனால் சிவப்பாக இருக்காது. சூடு பட்டதும் முட்டை வெள்ளைக்கருபோல உறைந்து மேலே வரும். நண்டைச் சுத்தம் செய்து சல்லடையில் 10 நிமிடம் வடிய விடுங்கள், பாதி போய்விடும். மீதியை முதல் கொதியில் கரண்டியால் எடுத்துவிடலாம். சுத்தம் செய்யும்போது மேல் ஓட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் விரல் விரலாக இருக்கும் செவுள்களை முழுக்கப் பிய்த்து எறியுங்கள். கவிச்சி அங்கேதான் அதிகம்.

இப்போது ரசம். நடுத்தர அளவுக் கடல் நண்டு அரைக் கிலோ. மேல் ஓட்டையும் சின்னக் கால்களையும் தனியாக எடுத்துத் தட்டி வையுங்கள். உடம்பை இரண்டாகப் பிளந்து, கொடுக்குகளில் லேசாக ஒரு கீறல் விட்டு, மஞ்சள் தூள் தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடி கனமான சட்டியில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தட்டிய ஓடு எல்லாம் போட்டு, ஓடு நன்றாகச் சிவக்கிற வரை வதக்குங்கள். இந்த வதக்கலைத் தவிர்த்ததால்தான் உங்கள் சாறு வெளுத்தது. ஓட்டில் இருக்கும் சிவப்பு நிறமி பச்சையாக இருக்கும்போது புரதத்தோடு ஒட்டி நீலமாகத் தெரியும். சூடு பட்டால் பிரிந்து சிவக்கும். ஆனால் அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். ரசத்தின் மேல் அந்தச் செம்பொன் எண்ணெய் மிதந்தால்தான் நண்டு ரசம்.

ஈயச் சொம்பில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வதக்குகிற வேலைக்கு அது ஆகாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

வதங்கியதும் ஒரு லிட்டர் தண்ணீர், நறுக்கிய 2 தக்காளி, கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி. இலையைப் பத்திரப்படுத்துங்கள், தண்டில்தான் கொதிக்கத் தாங்கும் மணம் இருக்கிறது. இளந்தீயில் 20 நிமிடம். அதற்கு மேல் போனால் சாறு கனக்கும், மணம் குறையும். வடிகட்டி, ஓட்டைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்துவிட்டு எறியுங்கள். சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி 5 நிமிடம் பச்சை வாடை போகக் கொதிக்க விடுங்கள்.

நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போதுதான் நண்டுத் துண்டுகள் இறங்க வேண்டும். ஆறின சாற்றில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால், நான் சொன்ன அந்த நொதிகள் இளஞ்சூட்டில் இன்னும் வேகமாக வேலை செய்து சதையைக் குழைத்துவிடும். மறுபடி கொதி வந்ததிலிருந்து 7 நிமிடம். பெரிய கொடுக்காக இருந்தால் 2 நிமிடம் கூடட்டும். சதை கண்ணாடித்தனம் போய் வெள்ளையாகி, ஓட்டிலிருந்து தானாக விலகும்.

மசாலாவைக் கடைசி 2 நிமிடத்துக்கு வையுங்கள். 2 தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், 8 பல் கொடைக்கானல் மலைப்பூண்டு. மிக்ஸியில் விழுதாக்காமல் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். மிளகின் உறைப்பு கொதித்தாலும் போகாது, வாசனை போய்விடும். உப்பும் கடைசியில்தான்; கடல் நண்டே கொஞ்சம் கொடுத்திருக்கும். நுரை கட்டும்போது மல்லி இலை தூவி இறக்குங்கள். சளி பிடித்தவருக்கு மூக்கடைப்பு விடும், தொண்டைக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் மருந்து என்று சொல்ல மாட்டேன்.

வயல் நண்டு விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது நியாயம்தான். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் பிடித்த நண்டுக்குச் சதை குறைவு, சாறு பிரமாதம். அதைப் பிளந்து சதை எடுக்க மெனக்கெட வேண்டாம். சுத்தம் செய்து, உரலில் முழுசாக இடித்து, பிழிந்து வடிகட்டி அந்தச் சாற்றை ரசமாக்குவதுதான் பழைய வழக்கம். இங்கே 7 நிமிடக் கணக்கு செல்லாது. நன்னீர் நண்டில் நுரையீரலைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்க வாய்ப்புண்டு. பிழிந்த சாறு 15 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கட்டும். இடித்த உரல், கை, பலகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறு வேலை. மருந்தடித்த வயலில் பிடித்த நண்டு என்று தெரிந்தால் வாங்காதீர்கள்.

மகனுக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். இறாலில் அலர்ஜி உண்டாக்குவது பெரும்பாலும் டிரோபோமயோசின் என்ற புரதம்; நண்டிலும் அது இருக்கிறது. கொதித்தாலும் அழியாது, சாற்றில் இறங்கும். இன்றைக்கு உதடு அரிப்பு, அடுத்த முறை மூச்சுத் திணறலாக இருக்கலாம். அலர்ஜி மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை அவனுக்கு அதே மிளகு, சீரகம், மலைப்பூண்டில் தனிச் சட்டியில் சாதா ரசம் வையுங்கள். நண்டுச் சட்டியில் போட்ட கரண்டியை மறந்தும் அதில் விட்டுவிடாதீர்கள்.